கூட ஆடுகிறவர் அருமை

விடிய விடியக் கூத்து நடக்கிறது. பொழுது விடிந்ததும் ஜனங்கள் ராஜா வேஷக்காரரைத்தான் தேடுகிறார்கள். "துரியோதனன் ஆடினாரே, அவர் எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள். அவர் கையைப் பிடித்துப் பாராட்டுகிறார்கள். சிலர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடுகிறார்கள்.

திரை பிடித்தவரை யாரும் கேட்பதில்லை. பின்பாட்டுப் பாடியவர் எந்த ஊர் என்று கேட்பார் இல்லை. தாளம் போட்டவர் ஒரு மூலையில் உட்கார்ந்து பையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பார்க்க வந்தவர்கள் மறந்தால் போகட்டும். கூட ஆடியவரே மறக்கலாமா? அங்கேதான் வருத்தம் இருக்கிறது.

படவேட்டுக் கதை

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது படவேடு. இன்றைக்குப் பார்த்தால் வாழையும் நெல்லும் விளையும் கிராமம். 14-ஆம் நூற்றாண்டில் அது சம்புவராய மன்னர்களின் தலைநகரம்! அரசும் போயிற்று, அரண்மனையும் போயிற்று. ரேணுகாம்பாள் கோயில் நிலைத்து நிற்கிறது. ஆடி வெள்ளிக்கிழமைகளில் அங்கே கூடும் கூட்டத்தைச் சொல்லி முடியாது.

ரேணுகாதேவியின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஜமதக்கினி முனிவரின் மனைவி அவள். சுடாத மண் குடத்தில் ஆற்று நீரை மொண்டு வருவாள். அவள் கற்பின் வலிமையால் குடம் கரையாது. ஒரு நாள் வானத்தில் போன கந்தர்வனின் நிழலைத் தண்ணீரில் பார்த்தாள். மனம் ஒரு கணம் சலித்தது. குடம் கரைந்தது. முனிவர் கோபம் கொண்டார். "தாயை வெட்டு" என்று மகன்களுக்குக் கட்டளையிட்டார். பரசுராமன் வெட்டினான். "என்ன வரம் வேண்டும்?" என்று தகப்பன் கேட்டபோது, "தாயின் உயிர் வேண்டும்" என்றான்.

இந்தக் கதையைக் கூத்தாக ஆடுவதென்றால் என்ன வேண்டும்? ஒருவர் கோபக்கார முனிவராக வேண்டும். ஒருவர் தாயாக வேண்டும். ஒருவர் கோடரி தூக்கும் மகனாக வேண்டும். மேடையில் கழுத்துக்கு நேராகக் கோடரி வருகிறது. கீழே மண்டியிட்டிருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிகிறார். எந்த தைரியத்தில் குனிகிறார்? ஓங்கியவர் தன் நண்பர் என்ற தைரியத்தில்தான்!

வெட்டுகிறவரும் வெட்டுப்படுகிறவரும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை என்றால் அந்தக் கதையை ஆடவே முடியாது.

தனியாக வேஷம் கட்ட முடியாது

வட தமிழ்நாட்டுக் கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் மரத்தால் செய்தவை. கனம் இல்லாத கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டும் ஒட்டியிருப்பார்கள். இதையெல்லாம் ஒருவர் தனக்குத் தானே கட்டிக்கொள்ள முடியாது. முதுகுப் பக்கம் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட இன்னொரு கை வேண்டும். முடிச்சு தளர்ந்தால் நடு ஆட்டத்தில் கிரீடம் சரியும். இறுகினால் மூச்சு முட்டும். அளவு பார்த்துக் கட்டுகிற கை நண்பனின் கை.

அடுத்தது திரை. ராஜா நேரே வந்து நின்றுவிடுவதில்லை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதன் பின்னால் நின்று அவர் பாடுகிறார். சலங்கை ஒலி மட்டும் கேட்கிறது. ஜனங்களின் ஆவல் ஏறுகிறது. சமயம் பார்த்துத் திரை விலகுகிறது. சமயம் தப்பினால் ராஜாவின் வருகை வெறும் வருகைதான்.

பின்பாட்டுக்காரர் வேலை இன்னும் பெரியது. வேஷக்காரர் ஓர் அடி பாடுகிறார். பின்பாட்டுக்காரர் அதையே வாங்கித் திருப்பிப் பாடுகிறார். அந்த நேரத்தில்தான் வேஷக்காரர் மூச்சு வாங்குகிறார், அடுத்த அடியை நினைத்துக்கொள்கிறார். இரவெல்லாம் ஒருவருக்கு மூச்சைக் கடன் கொடுக்கிறவர் இன்னொருவர்!

கட்டியக்காரன் இல்லாமல் கூத்தே இல்லை. "வருகிறது யார்?" என்று ராஜாவைக் கேட்பவன் அவன். ராஜாவைக் கிண்டல் செய்பவனும் அவனே. தூங்கி வழியும் குழந்தைகளைச் சிரிக்க வைத்து எழுப்புவான். வேஷக்காரருக்கு வசனம் மறந்தால், ஒரு வேடிக்கைக் கேள்வி கேட்டு விட்ட இடத்தைத் தொட்டுக் கொடுப்பான். மறந்தது ஜனங்களுக்குத் தெரியாது. மறந்தவருக்கும் கட்டியக்காரனுக்கும் மட்டுமே தெரிந்த இரகசியம் அது. இந்த உதவிக்கு விலை உண்டா?

கோபம் மேடையோடு

பாரதக் கூத்தில் மிகவும் கஷ்டமான கட்டம் துகிலுரிதல். துச்சாதனன் வேஷக்காரர் சூடம் ஏற்றிக் கும்பிட்ட பிறகே சேலையில் கை வைப்பது வழக்கம். திரௌபதி வேஷத்தில் இருப்பவரும் பெரும்பாலும் ஆண்தான். ஒருவர் இழுக்க வேண்டும். ஒருவர் கதற வேண்டும். பார்க்கிற பெண்கள் துச்சாதனனைச் சபிப்பார்கள். அவ்வளவையும் வாங்கிக்கொண்டு அவர் ஆடுகிறார். விடிந்ததும் இரண்டு பேரும் ஒரே டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.

இரணிய நாடகத்தில் நரசிம்ம வேஷம் கட்டியவருக்கு ஆவேசம் வருவது உண்டு. அப்போது கூட இருப்பவர்கள் அவரை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். இரணியன் வேஷக்காரருக்கு அடிபடக் கூடாது. நரசிம்மருக்கும் அடிபடக் கூடாது. ஆட விடவும் வேண்டும், அளவு மீறாமல் பிடிக்கவும் வேண்டும். நல்ல நண்பனின் இலக்கணம் இதுதானே!

குடும்பத்தில் சண்டை வந்தால் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் உண்டு. கூத்துக்காரர் இரவெல்லாம் ஜென்மப் பகைவராக இருக்கிறார். காலையில் வேஷத்தோடு பகையையும் கழற்றி வைக்கிறார். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் நல்லது.

மேசையைச் சுற்றி ஒரு கூத்து

வேஷம் போட்டு விளையாடும் ஆசை தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தம் அல்ல. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் ஒரு புதிய விளையாட்டை வெளியிட்டார்கள். அதன் பெயர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. பாதாளச் சிறைகளும் பறக்கும் நாகங்களும் வரும் கதை விளையாட்டு அது.

நாலைந்து நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று ஆளுக்கு ஒரு வேஷம். அரிதாரம் கிடையாது, பேச்சுத்தான் வேஷம். ஒருவர் மட்டும் கதை சொல்லி நடத்துகிறார். "எதிரே ஆறு ஓடுகிறது. பாலம் இல்லை. என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறார். மற்றவர்கள் தங்கள் வேஷத்துக்குத் தக்கபடி பதில் சொல்கிறார்கள். காரியம் பலிக்குமா என்பதைத் தாயக்கட்டை போன்ற பகடை உருட்டித் தீர்மானிக்கிறார்கள். அதில் 20 முகம் கொண்ட பகடையும் உண்டு!

இந்த விளையாட்டில் நண்பனைத் தோற்கடித்து ஒருவன் ஜெயிப்பதில்லை. எல்லாரும் சேர்ந்து ஆற்றைக் கடக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாரும் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். இன்று சென்னையிலும் பெங்களூரிலும்கூட இளைஞர்கள் இதை விளையாடுகிறார்கள்.

அந்த மேசையிலும் கட்டியக்காரன் இருக்கிறான். கதை நடத்துகிறவர்தான் அவன். பின்பாட்டுக்காரனும் இருக்கிறான். நண்பன் பேசும்போது குறுக்கே விழாமல் காது கொடுத்துக் கேட்டு, அவன் சொன்னதைப் பிடித்துக் கதையை வளர்க்கிறவன் அவன். பேச்சு வராத கூச்சக்காரப் பையனுக்கு, "நீ என்ன செய்யப் போகிறாய், சொல்லு" என்று வழி விடுகிறவனும் உண்டு. அப்படி வழி விட்டவனைக் கூச்சக்காரப் பையன் ஆயுள் முழுதும் மறக்க மாட்டான்.

கடல் கடந்த ஊரில் மேசையைச் சுற்றி நடப்பதும், படவேட்டுப் பக்கத்தில் தெருவில் நடப்பதும் அடிப்படையில் ஒன்றுதான். ஒருவர் வேறு ஒருவராக மாறுகிறார். சுற்றி இருப்பவர்கள் சிரிக்காமல் அதை நம்புகிறார்கள். அவர்கள் நம்புவதால்தான் அவர் ராஜா ஆகிறார். நண்பர்கள் நம்பவில்லை என்றால் ராஜா வெறும் மரக்கட்டை சுமந்த மனிதர்!

வீண் வேலையா?

"இதெல்லாம் வேலையற்றவர் வேலை" என்று சொல்கிறவர்கள் உண்டு. 'கூத்தாடி' என்பதையே வசைச் சொல்லாக ஆக்கிவிட்டார்கள்.

அவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். எழுத்து வாசனை இல்லாத காலத்தில் கிராமத்து ஏழைக்குப் பாரதம் சொல்லிக் கொடுத்தது யார்? பள்ளிக்கூடமா? கூத்துத்தான். தருமம் எது, சூது என்ன செய்யும், சபையில் ஒரு பெண் நியாயம் கேட்டால் பெரியவர்கள் வாய் மூடி இருக்கலாமா என்று கேட்க வைத்தது கூத்துத்தான். அந்தப் பாடத்தை ஒரே ஆள் நடத்தவில்லை. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நடத்தினார்கள்.

செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்தைச் சேர்ந்த கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தகப்பனார் கண்ணப்பத் தம்பிரான் வழியில் தெருக்கூத்தை வளர்த்தவர் அவர். கூத்தாடி என்று இளப்பமாகப் பேசியவர்களுக்கு அது தக்க பதில். விருதுப் பத்திரத்தில் ஒரு பெயர்தான் எழுத முடியும். ஆனால் எந்தக் கூத்துக் கலைஞருடைய புகழுக்குப் பின்னாலும் ஒரு குழு நிற்கிறது. மத்தளக்காரரும் ஆர்மோனியக்காரரும் முகவீணைக்காரரும் அதில் பங்காளிகள்.

காஞ்சிபுரத்தில் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பயின்று மேடை ஏறினார்கள். ஆண்கள் மட்டுமே என்று இருந்த குழுவில் தங்கைமாருக்கும் இடம் கிடைத்தது. கூட ஆடுகிறவர் என்ற சொல்லுக்கு அதனால் பொருள் விரிந்தது.

ஒருவர் போனால் ஆட்டம் போயிற்று

இன்று கூத்துக் குழுக்களுக்கு ஓர் ஆபத்து. வாலிபர்கள் பிழைப்புக்காகத் திருப்பூர், பெங்களூர், சென்னை என்று போகிறார்கள். போவது தவறு அல்ல, வயிறு இருக்கிறது. ஆனால் திரௌபதி வேஷக்காரர் போய்விட்டால் துகிலுரிதல் நின்றுவிடும். கடையில் போய் ஒரு திரௌபதியை வாங்கி வர முடியாது. பல வருஷம் சேர்ந்து ஆடி, கண்ஜாடை பழகிய பிறகுதான் ஒரு குழு குழுவாகிறது.

காசுக்காகப் போகிறவர்கள் ஒரு பக்கம். மனம் நொந்து போகிறவர்கள் இன்னொரு பக்கம். "என்னை யார் மதிக்கிறார்கள்? நான் இல்லாவிட்டால் இன்னொருவன்" என்று நினைத்து விலகிவிடுகிறார்கள். விலகிய பிறகு, "அவனைப் போலத் தாளம் போட ஆள் இல்லை" என்று மற்றவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சை அவர் இருக்கும்போதே சொல்லியிருந்தால் அவர் போயிருப்பாரா?

ஆகவே செய்ய வேண்டியவை சில உண்டு. பெரிய செலவு எதுவும் இல்லை.

ஆட்டம் முடிந்து மங்களம் பாடும்போது திரை பிடித்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வந்த பணத்தை எல்லார் முன்னாலும் எண்ணிப் பங்கு பிரிக்க வேண்டும். பெண் வேஷம் கட்டுகிறவரைப் பகலில் கேலி செய்பவனைக் குழுவே கண்டிக்க வேண்டும். ஒருவர் தப்பு செய்தால் சபையில் அல்ல, திரைக்கு உள்ளே திருத்த வேண்டும். புகழ்ச்சியை மட்டும் சபையில் சொல்ல வேண்டும். பொய்ப் புகழ்ச்சி வேண்டாம். "நேற்று நான் மறந்த அடியை நீதான் எடுத்துக் கொடுத்தாய்" என்று நடந்ததைச் சொன்னாலே போதும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தெருவில் கூத்தாடுகிற மகனாகட்டும், மேசையில் பகடை உருட்டுகிற மகளாகட்டும், "யார் ஜெயித்தது?" என்று கேட்பதை விட, "உன் கூட யார் யார் ஆடினார்கள்?" என்று கேட்பது மேல். பெயர்களைச் சொல்லச் சொல்லப் பிள்ளைக்கே தன் நண்பர்களின் அருமை புரியும்.

"கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்பது பழமொழி. விடியாதா என்று கூத்தாடி ஏங்குவானாம். இரவு அவ்வளவு நீளம்! அந்த நீள இரவைத் தனியாகத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. பக்கத்தில் ஒருவர் தாளம் போட்டார், ஒருவர் அடி எடுத்துக் கொடுத்தார், ஒருவர் கிரீடத்தைக் கட்டிவிட்டார். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியை அடுத்த ஆடிக்குத் தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே சொல்லிவிடுவது நல்லது.