உள்நாட்டு எம்ஆர்ஐ: எல்லோரும் காந்தத்தைப் பேசுறாங்க, காயில் என்னாச்சு?

மூட்டுவலிக்கு எம்ஆர்ஐ எடுத்திருந்தால், முழங்காலைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டியது ஞாபகம் இருக்கும். அதற்குள் இருப்பதுதான் ஆர்எஃப் காயில்.

ஐரோலி பாலம் தாண்டி முலுண்ட் வழியா போனால் பவாய். அங்கே ஐஐடி வளாகத்தில் இருக்கும் மத்திய அரசின் சமீர் ஆய்வு நிறுவனம் தலைமையில் உருவான 1.5 டெஸ்லா ஸ்கேனரை டெல்லி எய்ம்ஸில் சோதிக்க, 2025 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. செய்திகளில் விலையும் காந்தமும்தான் பெரிதாக வந்தன.

ஆனால் படம் பிறக்கும் இடம் காயில். நம் உடம்பின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் குட்டிக் காந்தங்கள். 1.5 டெஸ்லாவில் பாதி ஒரு பக்கம், பாதி எதிர்ப்பக்கம் திரும்பி ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். மிஞ்சுவது 10 லட்சத்துக்குச் சுமார் 5. அந்த ஐந்து தரும் மெல்லிய சிக்னல் 64 மெகாஹெர்ட்ஸில் வரும், எஃப்எம் ரேடியோவுக்குக் கொஞ்சம் கீழே. ஸ்கேன் அறையைச் செம்பால் மூடுவது வெளி அலைகளைத் தடுக்கத்தான்.

செம்புச் சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்து அந்த அலைவரிசைக்கு டியூன் ஆகணும். சிக்கல் என்னன்னா, ஆள் உள்ளே போனதும் உடம்பே சர்க்யூட்டில் சேர்ந்து டியூனிங்கை நகர்த்திவிடும். தலைக்கு, முழங்காலுக்கு, மார்பகத்துக்குத் தனித்தனி வடிவமைப்பு வேண்டும்.

இப்போ கணக்கு. காயிலின் சிக்னல்-இரைச்சல் விகிதம் பாதியானால், அதே தெளிவுக்கு நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். 20 நிமிஷ ஸ்கேன் 80 நிமிஷமாகும். எட்டு மணி நேரத்தில் 24 பேரைப் பார்க்கும் மெஷின் 6 பேரோடு நின்றுவிடும். மெஷின் விலையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே போய்விடும்.

ஆய்வகங்களில் பயன்படும் என்எம்ஆர் கருவியில் கதை வேறு. மாதிரி மெல்லிய கண்ணாடிக் குழாயில் இருப்பதால், பெரும்பாலான இரைச்சல் காயிலிலிருந்தே வரும். அதனால் உயர்தரக் கருவிகளில் காயிலை மைனஸ் 250 டிகிரி வாக்கில் குளிர்விக்கிறார்கள். எம்ஆர்ஐயில் இரைச்சலின் பெரும்பகுதி நோயாளியின் உடம்பிலிருந்தே வருவதால், அந்த வழி அதிகம் உதவாது. சின்னச் சின்ன காயில்களை உடம்போடு ஒட்டி அடுக்குவதுதான் வழி.

இந்தத் துறை மும்பைக்குப் புதுசு இல்லை. 1951-இல் எத்தனாலின் என்எம்ஆர் நிறமாலையைப் பிரித்துக் காட்டிய ஸ்டான்ஃபோர்டு கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர் எஸ்.எஸ். தர்மாட்டி. பிறகு மும்பை டிஐஎஃப்ஆரில் என்எம்ஆர் ஆய்வைத் தொடங்கியவரும் அவரே.

எய்ம்ஸ் சோதனை பற்றிய செய்தியைப் படிக்கும்போது டெஸ்லா எண்ணோடு நிறுத்தாதீங்க. ஒரு முழங்கால் ஸ்கேனுக்கு எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு தேடுங்க.