உயிரற்ற உயிர் உரம்

புதுவையிலிருந்து மரக்காணம் செல்லும் மார்க்கத்தில், பொம்மையார்பாளையத்தைச் சுற்றிய கடலோர மணலில் சவுக்குத் தோப்புகளைக் காணலாம். உப்புக் காற்று ஓயாது வீசும் அம்மணலில் இம்மரம் எங்ஙனம் ஓங்கி வளர்கிறது? அதன் வேரில் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் முடிச்சுகளாகக் குடியேறி, ஆகாயத்து நைட்ரஜனைப் பிடித்து மரத்திற்கு உணவாக்கித் தருகிறது.

மணலை விட்டு மேற்கே செம்மண் பூமிக்குச் சென்றால், பழைய தென்னாற்காடு ஜில்லாவின் பெருஞ் செல்வமான மணிலாப் பயிரிலும் இதே வேலை நடைபெறுகிறது. அங்கே உழைப்பது ரைசோபியம் இனம். செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாயிருந்தால் கிருமி உழைக்கிறது, வெளுத்திருந்தால் உழைக்கவில்லை. பயறு வகைச் செடிகளின் இந்த இரகசியத்தை ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்பார்த்தும் 1888-லேயே விளக்கிவிட்டனர். ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் நிற்கும் காற்றில் ஏறத்தாழ 30,000 டன் நைட்ரஜன் இருக்கிறது. அதற்காக நாம் எந்த அந்நியத் துறைமுகத்தையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

யூரியாவின் கதை வேறு. அதைச் செய்ய இயற்கை வாயு வேண்டும்; அதில் பெரும் பங்கு கப்பலேறி வருகிறது. 45 கிலோ மூட்டை 242 ரூபாய்க்கு (வரியும் வேம்புப் பூச்சுச் செலவும் நீங்கலாக) விற்கப்படுகிறதென்றால், மிச்சத்தைப் பொதுஜனங்களின் பொக்கிஷம் சுமக்கிறது என்பதே பொருள். ஆயினும் யூரியாவை நாளையே ஒழித்துவிடலாம் என்று நாம் கூற முன்வரவில்லை. 2021-ல் இலங்கைச் சர்க்கார் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்தது. விளைச்சல் சரிந்து, சில மாதங்களிலேயே தடையைத் தளர்த்த நேர்ந்தது. அத்தகைய அவசர புத்தி நமக்கு வேண்டாம்.

நாம் கேட்பது அதனினும் எளியது. கிருமி என்று சொல்லி விற்பதில் கிருமி இருக்கட்டும்!

1985-ம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவில் உயிர் உரங்கள் 2006-ல் சேர்க்கப்பட்டன. தூளாக விற்கும் ரைசோபியத்தில் கிராம் ஒன்றுக்கு 5 கோடி உயிருள்ள அணுக்களேனும் இருக்க வேண்டுமென்பது விதி. நல்ல விதிதான். ஆனால் தகரக் கூரை கொதிக்கும் கிடங்குகளில், யூரியா மூட்டைகளுக்கும் பூச்சிமருந்து டப்பாக்களுக்கும் இடையே இப்பொட்டலங்கள் மாதக்கணக்கில் கிடப்பதை நாமே கண்டிருக்கிறோம். யூரியா கிடந்தால் கட்டிதட்டிப் போகும், அவ்வளவே, கிருமியோ செத்துப்போகும். செத்ததற்கும் உயிருள்ளதற்கும் பார்வையில் பேதம் ஏது? இரண்டும் கரிய தூள்தான்.

குடியானவர் சொன்னபடியே செய்கிறார். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்கிறார். பலன் காணாதபோது, "இது வெறும் கரிப்பொடி" என்று வெறுத்து யூரியாக் கடைக்குப் போகிறார். அவரைக் குறை கூற நமக்கு என்ன யோக்கியதை? யூரியா மிகுந்தாலோ, செடி வேர் முடிச்சுகளை வளர்ப்பதையே குறைத்துவிடுகிறது. இவ்விதம் ஒரு தவறு மற்றொன்றை வளர்க்கிறது.

உயிருள்ள கிருமியும் சில வயல்களில் பலன் தராததுண்டு. மண்ணில் ஏற்கெனவே வாழும் சோம்பேறிக் கிருமிகள் புதியதை முந்திக்கொண்டு வேரில் இடம் பிடித்துவிடுகின்றன. ஆகவே அந்தந்த மண்ணிலேயே திறமையுள்ள இனத்தைத் தேடியெடுக்க வேண்டும். இதற்குத் திண்டிவனத்தை விடத் தகுந்த இடம் வேறெது? 1940-ல் வெளிவந்து தேசமெங்கும் பரவிய டி.எம்.வி. 2 மணிலா அவ்வூரின் பெயரையே சுமக்கிறது. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திற்கு ஒரு நுண்ணுயிர்ச் சோதனைச்சாலையும் தனிப் பணமும் ஒதுக்கப்பட வேண்டும். உற்பத்திச்சாலையின் வாசலில் எடுத்த மாதிரி போதாது. குடியானவர் வாங்கும் கடையிலேயே பொட்டலங்களை எடுத்து எண்ணி, முடிவை ஊர்தோறும் வெளியிடவேண்டும்.

பணத்திற்கு எங்கே போவது என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். யூரியாவுக்குக் கொட்டிக் கொடுக்கும் மானியத்தில் ஒரு துளி போதும். மார்கழிப் பட்டத்து மணிலா விதைப்பிற்கு முன்பே இவ்வேலையைத் தொடங்க வேண்டுமென்று ராஜ்ய சர்க்காரை வற்புறுத்துகிறோம்.