யாருடைய முதுமையை ஆராய்கிறீர்கள்?

முதுமை ஆய்வுக்கு இது நல்ல காலம். மருத்துவம், பொருளாதாரம், சமூகவியல், மக்கள்தொகையியல் என எல்லாத் துறைகளும் அதற்காக ஒன்று சேர்கின்றன. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992இல் தொடங்கிய 'உடல்நலம் மற்றும் ஓய்வு' ஆய்வு இதற்கு முன்மாதிரி. அந்த வழியில் இந்தியாவில் வந்தது 'லாசி'. 2017-18இல் நடந்த அதன் முதல் சுற்றில் 45 வயதைத் தாண்டியவர்களும் அவர்களின் இணையர்களுமாக 72,000 பேருக்கு மேல் பங்கேற்றனர். சாதிப் பிரிவும் பதிவானது. இதை வரவேற்கிறோம்.

ஆனால் 'ஓய்வு' என்ற சொல்லிலேயே நமக்குச் சண்டை இருக்கிறது. ஓய்வு பெற முதலில் பணி ஆணை வேண்டும், பணிப் பதிவேடு வேண்டும். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரிடம் இதில் எது இருக்கிறது? விடியும் முன் குப்பை வண்டி தள்ளும் அக்காவுக்கும், அடுத்தவர் வயலில் நாற்று நடும் அம்மாவுக்கும், முட்டி தேய்ந்து யாரும் வேலைக்குக் கூப்பிடாமல் போகிற நாள்தான் ஓய்வு. அதற்குப் பொன்னாடை கிடையாது, பணிக்கொடையும் கிடையாது.

முதியோர் உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். அதில் 60 முதல் 79 வயது வரை ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007இலும் அதே 200தான். 12 வயதில் கூலி வேலைக்குப் போன உடம்புக்கும், 25 வயதில் நாற்காலியில் உட்கார்ந்த உடம்புக்கும் ஒரே 60 வயதாம். இதற்குப் பெயர் சமத்துவமா?

அந்த 60ஐ எட்டுவதிலும் சாதி இருக்கிறது. சங்கீதா வியாஸ், பாயல் ஹாதி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் 9 மாநிலங்களின் 2 கோடிப் பேருக்கும் மேற்பட்டோரின் தரவை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டனர். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் சராசரி ஆயுள் 3 ஆண்டுகளுக்கு மேல் குறைவு, ஆதிவாசிகளுக்கு 4 ஆண்டுகளுக்கு மேல் குறைவு. வறுமையை மட்டும் காரணமாகச் சொல்லி இந்த இடைவெளியை விளக்க முடியாது என்றும் அந்த ஆய்வு காட்டியது.

இங்கேதான் முதுமை ஆய்வின் அடிப்படைச் சிக்கல். செத்தவர்கள் கேள்வித்தாளுக்குப் பதில் சொல்வதில்லை. சீக்கிரம் செத்தவர்கள் போக, தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே மாதிரிக்குள் வருகிறார்கள். அவர்களை வைத்துச் சாதிகளை ஒப்பிட்டால், சாதி செய்த சேதம் உள்ளதைவிடக் குறைவாகவே தெரியும். சாதி கொன்றவர்களை விட்டுவிட்டுச் சாதியை அளப்பது எந்த ஊர் அறிவியல்?

தோழர்களே, உங்களில் பலர் நாளை இந்தத் துறைகளுக்குள் போகப் போகிறீர்கள். போங்கள், அந்த இடம் நமக்கும் உரியது. எத்தனை வயதில் வேலைக்குப் போனீர்கள், என்ன வேலை, அந்த வீட்டில் 60 வயதுக்கு முன் யார் செத்தார், எதனால் செத்தார் என்று கேளுங்கள். கைடு ஒப்புக்கொள்ளாவிட்டால் வாதாடுங்கள். சேரியில் எடுத்த தரவின் முடிவைச் சேரிக்கே திரும்பக் கொண்டுவந்து, மக்கள் மொழியில் சொல்லுங்கள்.

நம் மக்களுக்கு வயதாகும் உரிமையும் வேண்டும், வயதான பிறகு உட்காரும் உரிமையும் வேண்டும்.

ஜெய்பீம்.