அறிவிப்பாளர் விருப்பம்

போன வாரம் காலேஜ் முடிந்து பீச் - தாம்பரம் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். எதிர் சீட்டில் நாலு பேர், நாலு பேர் காதிலும் இயர்போன். என் காதிலும்தான். பல்லாவரம் தாண்டும்போதுதான் உறைத்தது. அரை மணி நேரமாக போன் தானாகப் போட்டுக்கொண்டிருந்த பாட்டெல்லாம் நான் ஏற்கெனவே கேட்டவை, இல்லையென்றால் அதே சாயலில் இருப்பவை. எனக்குப் பிடித்ததை எனக்கே திருப்பித் தருகிறது அந்த மெஷின். அதற்கென்று பிடித்த பாட்டு ஒன்றுகூட இல்லை.

இது ஏன் தோன்றியது என்றால், என் தாத்தாவால்.

தாத்தாவுக்கு ஊர் தூத்துக்குடி. மெப்ஸில் வேலை கிடைத்து எண்பதுகளில் சேலையூர் வந்தவர். இளவட்டமாக இருந்தபோது அவருக்கு எல்லாமே இலங்கை வானொலிதான். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று சொந்தக்காரர்கள் மாதிரி பேர் சொல்வார். ஆச்சரியம் என்னவென்றால், 1965-ல் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போன அதே மனுஷன் புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு பினாகா கீத்மாலா கேட்பாராம். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. "பாட்டுக்கும் கவர்மெண்டுக்கும் என்னலே சம்பந்தம்?" என்பார் :-)

கீத்மாலா கதை சுவாரஸ்யமானது. 1952-ல் மத்திய அமைச்சரான பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. அகில இந்திய வானொலியில் அது கிட்டத்தட்ட நின்றுபோனது. அந்த இடைவெளியில் புகுந்தது ரேடியோ சிலோன். அதே 1952 டிசம்பரில் கீத்மாலா ஆரம்பம். அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிவு செய்வார், டேப் கொழும்புக்குப் போகும், அங்கிருந்து இந்தியா முழுக்கக் கேட்கும். முதல் நிகழ்ச்சிக்கே சுமார் 9,000 கடிதங்கள் வந்தனவாம். 1957-ல் நம் அரசு விவித பாரதி என்று தனி சேவையே தொடங்க வேண்டியதாயிற்று.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கீத்மாலாவில் வந்தது அமீன் சயானிக்குப் பிடித்த பாட்டுகள் அல்ல. எந்த ரெகார்ட் அதிகம் விற்றது, நேயர்கள் எதைக் கேட்டு எழுதினார்கள் என்பதை வைத்துப் போட்ட வரிசை. வானொலியில் மற்ற நிகழ்ச்சிகளும் ஏறக்குறைய இப்படித்தான். "நேயர் விருப்பம்" என்று பேரே இருக்கிறது. முப்பது நாற்பது வருஷம் அடுத்தவர் விருப்பத்தையே ஒலிபரப்பிய மனுஷருக்கு எது பிடிக்கும் என்று யாராவது கேட்டோமா?

அமீன் சயானிக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் கிடைத்தது. பின்னாளில் சரிகம நிறுவனம் அவர் குரலிலேயே பழைய கீத்மாலா பாட்டுகளை, அவற்றின் பின்கதைகளோடு, குறுந்தகடுகளாக வெளியிட்டது. 2017-ல் வந்த காரவான் பெட்டியிலும் அவர் இருந்தார். 2024 பிப்ரவரி 20-ல் தன் 91-வது வயதில் அவர் காலமானபோது, குரலாவது பத்திரமாக இருந்தது. அப்துல் ஹமீது தன் வானொலி வாழ்க்கையை "வானலைகளில் ஒரு வழிப்போக்கன்" என்று புத்தகமாகவே எழுதிவிட்டார். சந்தோஷம். இவர்கள் பேர் பெற்றவர்கள். மற்றவர்கள்?

சென்னை விவித பாரதியின் தேன்கிண்ணத்தில் சினிமா பிரபலங்கள் வந்து தங்களுக்குப் பிடித்த பாடல்களைத் தொகுத்துத் தந்ததைப் பலரும் கேட்டிருப்பீர்கள். பி.பி.சி.யில் 1942 முதல் இதே மாதிரி ஒன்று உண்டு. தனித் தீவில் மாட்டிக்கொண்டால் எந்த எட்டு இசைத்தட்டுகள் வேண்டும் என்று பிரபலங்களிடம் கேட்பார்கள். எல்லா இடத்திலும் விருந்தாளிக்குத்தான் இலை போடுகிறோம். பரிமாறுகிறவர் சாப்பிட்டாரா என்று கேட்பதில்லை.

நிரந்தர வேலையில் இருப்பவருக்கு 60 வயது முடிந்தால் ஒரு மாலை, ஒரு சால்வை. தற்காலிக அறிவிப்பாளர்களுக்கு ஓய்வு நாள் என்று ஒன்றே கிடையாது. டூட்டி சார்ட்டில் பேர் வராமல் போகும், அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. விடைபெறும் அறிவிப்பாளருக்குக் கடைசி நாளில் ஒரு மணி நேரம் கொடுங்கள். பத்து பாட்டு, அவரே தேர்ந்தெடுத்தது, ஏன் பிடிக்கும் என்று இரண்டு வார்த்தை. அதைப் பதிவு செய்து வையுங்கள்.

"பொது வானொலி என்பது மக்கள் சொத்து, ஒருத்தரோட சொந்த ரசனைக்கு இடமா?" என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் முப்பது வருஷம் இசைத்தட்டு அறையிலேயே குடியிருந்தவரின் ரசனையும் மக்கள் சொத்துதானே? நாம் ஒருபோதும் கேட்டு எழுதாத, யாரும் போடாத எத்தனை தட்டுகளை அவர் தனியாக உட்கார்ந்து கேட்டிருப்பார்! அவர் போனால் அந்த வழியும் போச்சு. தனியார் எப்.எம்.களில் என்ன பாட்டு என்பதைப் பெரும்பாலும் தொகுப்பாளர் முடிவு செய்வதே இல்லை. மெஷினைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அரசு செய்யாவிட்டால் நாம் செய்யலாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 முதல் 90.4-ல் சமுதாய வானொலி நடக்கிறது. மாதிரி ஒரு வளாக வானொலி, ஓய்வு பெற்ற அறிவிப்பாளர் ஒருவரை அழைக்க ஒரு போன் கால் போதும்.

ஒத்திகையாக என் தாத்தாவை உட்கார வைத்து, போனில் பதிவு செய்தேன். அவர் அறிவிப்பாளர் இல்லை, வெறும் நேயர்தான். முழுக்க எம்.எஸ்.வி.தான் வரும் என்று நினைத்தேன். வீட்டில் இளையராஜா பாட்டு போட்டாலே முகம் சுளிப்பவர். முதலில் அவர் கேட்டது இளையராஜாவின் "ஹௌ டு நேம் இட்", 1986-ல் வந்த ஆல்பம்.

"ஏன் தாத்தா?"

"ஒங்கப்பன் பிளஸ் டூவுல கோட்டு அடிச்ச வருஷம். வீட்ல ஒருத்தரும் ஒருத்தரோட பேசல. இந்த கேசட்லயும் பேச்சு கிடையாதுல்லா. ராத்திரி போட்டுட்டு படுத்துருவேன். அவனும் முழிச்சுதான் கெடப்பான்."

அப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அந்தப் பதிவை எனக்கு அனுப்பு" என்றார்.

ஒரு நேயரிடமே இவ்வளவு இருக்கிறது என்றால், மைக்குக்குப் பின்னால் ஒரு ஆயுசு இருந்தவரிடம் எவ்வளவு இருக்கும்? அவர் வீட்டுக்குக் கிளம்பும் முன் கேட்டுவிடுவோம்.