பாடியவர்கள் நால்வர், பக்குவப்படுத்தியவர் ஒருவர்!

ஒரு பாட்டு நன்றாக இருந்தால், பாடியவரை உலகம் புகழ்கிறது. எழுதியவரையும், மெட்டுப் போட்டவரையும் புகழ்கிறது. ஆனால், அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து, அதை உருவாக்கிய மனிதரை எத்தனை பேருக்குத் தெரியும்?

அவருக்குப் பெயர், இசைத்தட்டுத் தயாரிப்பாளர்.

சினிமாத் தயாரிப்பாளரைப் போல, இவர் பணம் போடுகிறவர் அல்ல. இவருடைய முதல், காதுதான்! எந்தப் பாட்டைப் பதிவு செய்வது, எவ்வளவு வேகத்தில் பாடுவது, எந்த வாத்தியத்தைச் சேர்ப்பது, பல தடவை பாடியதில் எதை வைத்துக்கொள்வது – இவற்றையெல்லாம் பாடுகிறவர்களோடு கலந்து முடிவு செய்வது இவருடைய வேலை.

இந்த வேலைக்கு உரிய பெயரும் கிடைக்க வேண்டும். உரிய கூலியும் கிடைக்க வேண்டும். அதே சமயம், இந்த வேலைக்கு ஓர் எல்லையும் உண்டு. இரண்டுக்கும் இங்கிலாந்தின் "பீட்டில்ஸ்" கோஷ்டியின் கதையே சாட்சி.

தச்சர் மகன்

லிவர்பூல், இங்கிலாந்தில் உள்ள துறைமுக நகரம். அந்த ஊர் வாலிபர்களின் கோஷ்டி அது. கிதாரும் டிரம்மும் முழங்க, "ராக்" பாட்டுப் பாடுகிறவர்கள். 1962 ஜனவரி 1–ந் தேதி டெக்கா என்ற பெரிய கம்பெனி அவர்களைப் பாடச் சொல்லிக் கேட்டது. பிறகு, "வேண்டாம்" என்று சொல்லிவிட்டது.

அதே ஆண்டு ஜூன் 6–ந் தேதி, லண்டனில் அபே ரோடு என்ற சாலையில் உள்ள இ.எம்.ஐ. கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தவர்தான் ஜார்ஜ் மார்ட்டின்.

மார்ட்டின் ஒரு தச்சரின் மகன். யுத்த காலத்தில் கடற்படையின் விமானப் பிரிவில் இருந்தார். பிறகு சங்கீதக் கல்லூரியில் படித்தார். அந்த வாலிபர்களோ, இசைக் குறிப்பை எழுதவோ படிக்கவோ தெரியாதவர்கள்.

"உங்களுக்கு ஏதாவது பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள்" என்று மார்ட்டின் கேட்டார். அவர் கட்டியிருந்த "டை"தான் பிடிக்கவில்லை என்றார் ஜார்ஜ் ஹாரிசன்! வேறு அதிகாரியாக இருந்தால் விரட்டியிருப்பார். மார்ட்டின் விரட்டவில்லை.

இருவரும் கேட்டார்கள்

வேறொருவர் எழுதிய ஒரு பாட்டைக் கொடுத்து, "இதை வெளியிடலாம்" என்றார் மார்ட்டின். வாலிபர்கள் அரை மனதோடு பாடினார்கள். ஆனால், "எங்கள் சொந்தப் பாட்டைத்தான் வெளியிட வேண்டும்" என்று பிடிவாதமாக நின்றார்கள். மார்ட்டின் விட்டுக்கொடுத்தார். 1963–ல் அந்தப் பாட்டை வேறொரு கோஷ்டி பாடி, முதல் இடத்தைப் பிடித்தது. மார்ட்டினின் கணக்குத் தப்பவில்லை. ஆனாலும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

அவர்களுடைய சொந்தப் பாட்டு ஒன்று, "பிளீஸ் பிளீஸ் மீ." அது முதலில் ஆமை வேகத்தில் நகர்ந்தது. "வேகத்தைக் கூட்டுங்கள்" என்றார் மார்ட்டின். கூட்டினார்கள். பாட்டுக்கு உயிர் வந்தது! 1962 நவம்பர் 26–ந் தேதி பதிவு முடிந்ததுமே, "உங்களுக்கு முதல் இடம் கிடைத்துவிட்டது" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். 1963–ல் பல பத்திரிகைகளின் பட்டியலில் அந்தப் பாட்டு முதல் இடத்துக்கு வந்தது.

அவர் சொன்னதை அவர்கள் கேட்டார்கள். அவர்கள் சொன்னதை அவரும் கேட்டார். வெற்றியின் ரகசியம் அதுதான்.

பிடில் வந்த கதை

1965–ல் பால் மெக்கார்ட்னி, "யெஸ்டர்டே" என்ற பாட்டைக் கிதாருடன் தனியாகப் பாடினார். "இதற்கு இரண்டு பிடில், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்க்கலாம்" என்றார் மார்ட்டின். பால் தயங்கினார். ராக் கோஷ்டிக்குப் பிடில் எதற்கு என்பது அவர் எண்ணம்.

மார்ட்டின் அதிகாரம் செய்யவில்லை. "சேர்த்துப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்" என்றார். பால் ஒரு நிபந்தனை போட்டார். பிடிலின் நாதம் நடுங்கக் கூடாது. நேராக ஒலிக்க வேண்டும். மார்ட்டின் அதற்கு உடன்பட்டார். உலகமே அந்தப் பாட்டைத் தன் பாட்டாக ஏற்றுக்கொண்டது.

அதே ஆண்டு "இன் மை லைஃப்" என்ற பாட்டின் நடுவே ஓர் இடம் காலியாக இருந்தது. மார்ட்டின் ஒலிநாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, தாமே பியானோ வாசித்துப் பதிவு செய்தார். பிறகு சரியான வேகத்தில் ஓடவிட்டபோது, பியானோ ஒலி பழங்காலத்து ஹார்ப்சிகார்டு வாத்தியம் போலக் கணீரென்று கேட்டது!

1966–ல் வந்தது பெரிய சோதனை. "ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்" பாட்டை இரண்டு விதமாகப் பதிவு செய்திருந்தார்கள். ஒன்றின் தொடக்கமும், மற்றதன் முடிவும் ஜான் லென்னனுக்குப் பிடித்திருந்தன. "இரண்டையும் ஒட்டிவிடுங்கள்" என்றார். ஆனால், இரண்டுக்கும் சுருதி வேறு, வேகமும் வேறு! மார்ட்டினும் ஒலிப்பதிவாளரும் ஒரு நாடாவின் வேகத்தைக் கூட்டி, மற்றதைக் குறைத்தார்கள். இரண்டும் பொருந்தின. பாட்டு ஆரம்பித்துச் சுமார் ஒரு நிமிஷத்தில் அந்த ஒட்டு வருகிறது. சாதாரணமாகக் கேட்பவர்களுக்கு அது தெரிவதே இல்லை.

எல்லை தாண்டினால்?

எந்தத் தயாரிப்பாளரும் இப்படிச் செய்துவிடுவார் என்று எண்ண வேண்டாம்.

1969 ஜனவரியில் பதிவு செய்த பாட்டுகள், 1970–ல் ஃபில் ஸ்பெக்டர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் கைக்குப் போயின. அவரும் கெட்டிக்காரர்தான். ஆனால், "தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு" என்ற பாட்டில், பாடிய பாலைக் கேட்காமலே பெரிய வாத்தியக் குழுவையும் பெண்கள் கோஷ்டி கானத்தையும் சேர்த்துவிட்டார். பால் கொதித்தார். கோஷ்டியின் வழக்கு கோர்ட்டுக்குப் போனபோது, இதையும் ஒரு குறையாகச் சொன்னார். அந்தச் சேர்க்கை இல்லாத பதிவு 2003–ல் வெளிவந்தது.

"அமெரிக்காவில் அந்தப் பாட்டு முதல் இடத்துக்கு வந்ததே!" என்று சிலர் கேட்கலாம். வந்தது உண்மை. ஆனால், நன்றாக விற்றதால் மட்டும் ஒரு காரியம் நியாயமாகிவிடாது. மார்ட்டினும் வாத்தியங்களைச் சேர்த்தார், ஸ்பெக்டரும் சேர்த்தார். மார்ட்டின் கேட்டுவிட்டுச் சேர்த்தார். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதுதான் எல்லாம்!

கூலி எங்கே?

1963–ல், மார்ட்டின் தயாரித்த பாட்டுகள் இங்கிலாந்தில் 37 வாரங்கள் முதல் இடத்தில் இருந்தன. கம்பெனிக்குப் பணம் கொட்டியது. மார்ட்டினுக்கோ மாமூல் சம்பளம்தான்! விற்ற தட்டுகளில் பங்கு இல்லை. கிறிஸ்துமஸ் போனஸ்கூட இல்லை. 1965–ல் அவர் வேலையை விட்டார். நண்பர்களோடு சேர்ந்து சொந்த நிறுவனம் தொடங்கினார். பீட்டில்ஸ் கோஷ்டி அவரை விடவில்லை. தொடர்ந்து அவரிடமே பாடியது.

"மார்ட்டின் இல்லாவிட்டால் பீட்டில்ஸ் இல்லை" என்பார்கள் சிலர். அது மிகை. பாட்டை எழுதியவர்கள் அந்த வாலிபர்களே. "அவர் வெறும் உத்தியோகஸ்தர்" என்பார்கள் வேறு சிலர். அது அநியாயம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. ஆனால், உப்பே சமையல் ஆகிவிடாது. அளவோடு போட்ட உப்பை யாரும் தனியாகப் பேசுவதில்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

மார்ட்டின் 2016 மார்ச் 8–ந் தேதி, 90–வது வயதில் காலமானார். முன்பு இசைத்தட்டின் உறையில், சிறிய எழுத்திலாவது தயாரிப்பாளரின் பெயர் இருந்தது. இன்று பாட்டு கைபேசியில் வருகிறது. பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பாடியவர் பெயரோடு, பக்குவப்படுத்தியவர் பெயரும் கண்ணில் படும்படி இருக்கட்டும். பாட்டை விற்கிறவர்களுக்கு இதனால் ஒரு காசும் நஷ்டம் இல்லை. உழைத்தவருக்கு அது பெரிய மரியாதை!