ஃபுல் ஸ்லீவ் ரகசியம்!



திருச்சி வெயில் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்தானே? சித்திரை மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நின்னா, ஆம்லெட் போட அடுப்பே வேண்டாம். அப்படிப்பட்ட ஊர்ல ஒருத்தி, முழுக்கை சுடிதாரும் கழுத்தைச் சுத்தின துப்பட்டாவுமா ரெண்டு வருஷம் காலேஜுக்கு வந்தா என்ன நினைப்பீங்க? 'டீசன்ட்டான பொண்ணு'ன்னு மேடம்ங்க நினைச்சாங்க. 'ஓவர் சீன்'னு பின் பெஞ்ச் நினைச்சுது. ரெண்டுமே இல்லைங்க. அந்த முழுக்கைக்குள்ள ஒரு ரகசியம் இருந்துச்சு. ஹாஸ்டல் சூட்கேஸ் அடியில, ஒரு பழைய சாக்ஸுக்குள்ள இன்னொரு ரகசியம் இருந்துச்சு.

முதல் ரகசியத்துக்குப் பேர் எக்ஸிமா. ரெண்டாவது, இன்ஹேலர். அந்த 'ஒருத்தி' யாருன்னு கேக்குறீங்களா? அடியேன்தான்!

பாட்டி சொன்ன பாதி உண்மை

எனக்கு ஒரு வயசுல கன்னத்துல சிவப்பா ஆரம்பிச்சுதாம். அப்புறம் முழங்கை மடிப்பு, முட்டிக்குப் பின்னாடி, கழுத்து. அரிக்கும், சொறிவேன், தோல் தடிச்சுக் கறுக்கும். எங்க பாட்டி பாஷையில 'கரப்பான்'. கத்திரிக்காய்க்கும் கருவாட்டுக்கும் எங்க வீட்டுல எனக்கு மட்டும் 144 தடை உத்தரவு! அஞ்சு வயசுல நெஞ்சுக்குள்ள விசில் சத்தம் கேட்க ஆரம்பிச்சதும் பாட்டி தீர்ப்பு சொல்லிட்டாங்க. "கரப்பானுக்குக் களிம்பு போடாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா? அது உள்ள போயி இழுப்பா மாறிடுச்சு பாரு!"

பாட்டி சொன்னதுல பாதி சரி. பல குழந்தைகளுக்கு எக்ஸிமா முதல்ல வரும். பின்னாடியே அலர்ஜி சளி, ஆஸ்துமான்னு ஒரு ஊர்வலம் போகும். டாக்டர்களே இதை 'அலர்ஜி ஊர்வலம்'னு சொல்ற அர்த்தத்துலதான் பேர் வச்சிருக்காங்க. ஆனா களிம்பு போட்டதால நோய் உள்ள போச்சுங்கறது தப்பு. ரெண்டுமே ஒரே வேர்ல முளைக்கிற ரெண்டு கிளை. எக்ஸிமா வந்த எல்லாருக்கும் ஆஸ்துமா வரணும்னும் கட்டாயம் இல்ல.

ஈ.சி.ஈ. பொண்ணு இல்லையா, என் பாஷையில சொல்றேன். தோல்ங்கறது ஒயர் மேல இருக்கிற இன்சுலேஷன் மாதிரி. அதுல கீறல் விழுந்தா வெளியில இருக்கிற தூசி, மகரந்தம் எல்லாம் உள்ள நுழையும். உடம்போட பாதுகாப்புப் படை பதறிப் போய், இனிமே அந்தத் தூசி மூக்குல போனாலும் நெஞ்சுல போனாலும் சண்டைக்கு நிக்கும். ஃபிலாக்ரின்னு ஒரு புரதம் இந்த இன்சுலேஷனை உறுதியா வச்சுக்குது. அதுக்கான ஜீன்ல கோளாறு இருந்தா எக்ஸிமாவும், அதோட சேர்ந்த ஆஸ்துமாவும் வர வாய்ப்பு அதிகம்னு 2006-ல ஸ்காட்லாந்து டண்டீ பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குழு கண்டுபிடிச்சுது. டூபிலுமேப்னு ஒரு ஊசி மருந்து. அமெரிக்காவுல 2017-ல எக்ஸிமாவுக்கு அனுமதி கிடைச்சுது. அடுத்த வருஷமே சில வகை ஆஸ்துமாவுக்கும் அதே ஊசிக்கு அனுமதி! விலையைக் கேட்டா நல்லா இருக்கிறவங்களுக்கே மூச்சு வாங்கும். ஆனா விஷயம் புரியுதுல்ல? தோலும் நுரையீரலும் பக்கத்து வீடு இல்ல, ஒரே வீடு.

ஃப்ளஷ் சத்தத்துல ஒரு பஃப்

இவ்வளவு விவரம் பேசுறவ ஏன் மறைச்சேன்? ஃபர்ஸ்ட் இயர்ல ஹாஸ்டல்ல சேர்ந்த முதல் வாரம், என் கையைப் பார்த்த ஒருத்தி, தன்னோட பக்கெட்டை என் பக்கெட் பக்கத்துல இருந்து நைஸா நகர்த்தி வச்சா. ஒரு வார்த்தை பேசல. எக்ஸிமா ஒட்டாது மக்களே, தொட்டாலும் ஒட்டாது, ஒரே துண்டைப் பிழிஞ்சாலும் ஒட்டாது. அன்னிக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. மறுநாளே முழுக்கை சுடிதார்.

ஊர்ல இருந்து அம்மா போன்ல சொன்னது இன்னொண்ணு. "வீஸிங் இருக்குன்னு யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. நாளைக்கு ஒரு இடத்துல இருந்து பொண்ணு பார்க்க வந்தா, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

அந்த நாலு பேருக்கு பயந்து நான் பண்ணின கூத்து இருக்கே! லேப்ல சால்டரிங் பண்றப்ப ஒரு புகை வரும் பாருங்க. அந்த ஃப்ளக்ஸ்ல ரோசின்னு ஒண்ணு இருக்கும், பைன் மரத்துப் பிசின்ல இருந்து எடுக்கிறது. அந்தப் புகை ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். அதே ரோசின் தோல்ல பட்டா சிலருக்கு அலர்ஜியும் வரும். டூ இன் ஒன்! எனக்கு நெஞ்சு இறுகினதும் 'மேடம், ரெஸ்ட் ரூம்'னு ஓடுவேன். கதவைச் சாத்தி, ஃப்ளஷை இழுத்துவிட்டு, அந்தத் தண்ணி சத்தத்துல ரெண்டு பஃப். வெளியில வந்து 'ஒண்ணுமில்லடி, தூசி'.

என்.எஸ்.எஸ். கேம்ப்ல பார்த்தீனியம் செடி பிடுங்கச் சொன்னாங்க. தோலுக்கும் ஆகாது, மூச்சுக்கும் ஆகாதுன்னு நல்லாவே தெரியும். 'எனக்கு ஒத்துக்காது சார்'னு சொன்னா காரணம் கேப்பாங்களே? பிடுங்கினேன். ஒரு வாரம் தூக்கம் போச்சு.

அந்த ராத்திரி

செகண்ட் இயர் முடியப் போற ஏப்ரல் மாசம். மறுநாள் எலெக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ் பரீட்சை. எனக்கு மாசாந்திர வயித்துவலி, சுருண்டு கிடந்தேன். வீட்டுல இதுக்கெல்லாம் வெந்தயமும் மோரும்தான், மாத்திரையே கிடையாது. எதிர்க் கட்டில்காரி, ரெண்டு வருஷமா என் ரூம்மேட், பாவம் பார்த்து, அவ வழக்கமா போடுற வலி மாத்திரையில ஒண்ணு கொடுத்தா. மெஃபெனமிக் ஆசிட். பாதி ஹாஸ்டல் பை பைக்குள்ள வச்சிருக்கிற மாத்திரைதான்.

இருபது நிமிஷம் ஆயிருக்கும். உள்ளங்கை அரிச்சுது. அப்புறம் வயிறு, முதுகுன்னு பட்டை பட்டையா தடிப்பு. பாட்டி இருந்தா 'காணாக்கடி'ன்னு சொல்லியிருப்பாங்க. உதடு வீங்குச்சு. அடுத்தது நெஞ்சு. ஸ்ட்ரா வழியா மூச்சு விடுற மாதிரி... அந்த ஸ்ட்ராவையும் யாரோ நசுக்குற மாதிரி. பேச்சு வரல. சூட்கேஸைக் கை காட்டுறேன். அவளுக்குப் புரியல. "ஊருக்குப் போகணுமாடி?"ன்னு கேட்டு அழறா. இப்ப நினைச்சா சிரிப்பா இருக்கு. அப்ப இல்ல.

வாட்ச்மேன் அண்ணா ஆட்டோ பிடிச்சுட்டு வந்தார். வார்டன் மேடமும் எதிர்க் கட்டில்காரியும் என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ஏற்கெனவே வீஸிங் இருக்காம்மா?"

சுத்தி நாலு பேர் நின்னாங்க. நம்புங்க, அந்த நிலைமையிலயும் நான் 'இல்லை'ன்னு தலையாட்டினேன்.

டாக்டர் ஸ்டெத்தை வச்சுப் பார்த்துட்டு, "பொய் சொல்லக்கூட மூச்சு இல்ல உனக்கு"ன்னு சொல்லிக்கிட்டே தொடையில ஊசி போட்டாங்க. அட்ரினலின். அப்புறம் நெபுலைசர். விடிய விடிய கண்காணிப்பு, ஏன்னா அடங்கின மாதிரி இருந்துட்டு சில மணி நேரம் கழிச்சுத் திரும்பவும் வரலாமாம்.

டாக்டர் விளக்கினதை அப்படியே சொல்றேன். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் ஆசிட்... இதெல்லாம் ஒரே குடும்பம். ஆஸ்துமா உள்ள பெரியவங்கள்ல நூத்துக்கு ஏழு பேர் மாதிரி ஆளுங்களுக்கு இந்தக் குடும்பம் ஆகாது. சிலருக்குத் தோல்ல தடிப்பு, சிலருக்கு மூச்சு, சிலருக்கு ரெண்டும். நேத்து வரைக்கும் ஒத்துக்கிட்ட மாத்திரைகூட ஒருநாள் ஒத்துக்காம போகலாம்.

காலையில கண் முழிச்சா, கால்மாட்டுல எதிர்க் கட்டில்காரி. கையில என் பழைய சாக்ஸ். ஹாஸ்டலுக்குப் போய் சூட்கேஸைக் கவுத்துத் தேடியிருக்கா. 'பொழைச்சுட்டியாடி'ன்னு கட்டிப்பிடிப்பான்னு நினைச்சேன். பிடிக்கல.

"ரெண்டு வருஷமா ஒரே ரூம். ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம். உனக்கு ஏதாவது ஆயிருந்தா, மாத்திரை கொடுத்தவ நான்டி. உன் ரகசியத்தை நீ கொண்டு போயிருப்ப. நான் ஆயுசு முழுக்க அதைச் சுமந்துருப்பேன். அதை யோசிச்சியா?"

யோசிக்கலங்க. என் நோய், என் இஷ்டம், மறைக்கிறதும் என் உரிமைன்னுதான் நினைச்சிருந்தேன். மறைச்ச பாரத்தை எனக்குத் தெரியாமலே அவ தோள்ல ஏத்தி வச்சிருந்தேன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

முதல் பஸ்ல அம்மா வந்தாங்க. வந்ததும், "யார் யாருக்கும்மா தெரிஞ்சுபோச்சு?"ன்னு மெதுவா கேட்டாங்க. கேட்டு முடிக்கிறதுக்குள்ள அவங்களே உடைஞ்சு அழுதாங்க. அம்மா மேல எனக்குக் கோபமே இல்ல. அவங்க பயம் நியாயமானது. அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச மருந்துதான் தப்பு.

அந்த நாலு பேர்

'நாலு பேர் என்ன சொல்லுவாங்க'ன்னு பயந்தது போதும். நாமளே நாலு பேருக்குச் சொல்லிடுவோம்னு முடிவு பண்ணினேன். உங்களுக்கும் இந்த ஜோடி நோய் இருந்தா, உங்க நாலு பேர் இவங்கதான்:

ரூம்மேட்: இன்ஹேலர் எங்க இருக்குன்னு காட்டுங்க. எப்படி அமுக்கணும்னு சொல்லிக்கொடுங்க. மூச்சு திணறினா படுக்க வைக்காம, சாய்ஞ்ச மாதிரி உட்கார வைக்கணும்னு சொல்லுங்க. முக்கியமா, தோல்ல தடிப்பும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தா அரிப்பு மாத்திரையைப் போட்டுட்டுக் காத்திருக்கக் கூடாது. நேரா 108. அங்கே தேவை அட்ரினலின் ஊசி.

டாக்டர்: ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர்கிட்டயும். தோல் டாக்டருக்கு உங்க மூச்சு விஷயம் தெரியணும், நெஞ்சு டாக்டருக்கு உங்க தோல் விஷயம் தெரியணும். நான் ரெண்டு வருஷமா வீஸிங் வந்தா மட்டும் நிவாரண இன்ஹேலர் அடிச்சுக்கிட்டு ஓட்டினேன். அது மட்டும் போதாது, உள்ளே இருக்கிற வீக்கத்தைக் குறைக்கிற மருந்தும் வேணும்னு 2019-லேயே உலக ஆஸ்துமா வழிகாட்டுதலை மாத்திட்டாங்க. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தா வாய் கொப்பளிக்க மறக்காதீங்க. தோலுக்கு, குளிச்சு ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர்.

மெடிக்கல் ஷாப் அண்ணா: 'தலைவலிக்கு ஏதாவது கொடுங்கண்ணா'ன்னு இனிமே கேக்காதீங்க. 'எனக்கு ஆஸ்துமா, இந்தக் குடும்ப மாத்திரை ஆகாது'ன்னு சொல்லுங்க. என் பர்ஸ்ல ஒரு சின்ன அட்டையில எழுதியே வச்சிருக்கேன். அதேபோல, அரிப்புக்கு இஷ்டத்துக்குக் களிம்பு வாங்காதீங்க. பல களிம்புகள்ல ஸ்டீராய்டு இருக்கு. சீட்டு இல்லாம விக்கக்கூடாத பட்டியல்ல 2018-ல அரசாங்கம் இதுல பலதைச் சேர்த்திருக்கு. டாக்டர் சொன்ன அளவுல அது நல்ல மருந்து. நம்ம இஷ்டத்துக்குத் தேய்ச்சா தோல் மெலிஞ்சு போகும்.

லேப் மேடம்: நான் பயந்து பயந்து சொன்னேன். அவங்க ரெண்டே வார்த்தைதான் சொன்னாங்க: "இதைச் சொல்றதுக்கா ரெண்டு வருஷம்?" இப்ப எனக்கு ஜன்னலோர சீட், எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் கீழே!

இன்னொரு பொண்ணு கதையோட முடிச்சுக்கறேன். 1955-ல அமெரிக்காவுல 13 வயசுப் பொண்ணு ஒருத்தி. ஆஸ்துமா. அப்பல்லாம் கண்ணாடிக் குழலும் ரப்பர் பல்புமா ஒரு கருவி, கீழே விழுந்தா உடையும். 'என் மருந்து ஏன் ஸ்பிரே டப்பா மாதிரி வரக்கூடாது?'ன்னு அப்பாகிட்ட கேட்டா. அப்பா ஜார்ஜ் மேய்சன், ரைக்கர் மருந்து கம்பெனியோட தலைவர். அடுத்த வருஷமே அமுக்கினா அளவா மருந்து வர்ற இன்ஹேலர் கடைக்கு வந்துடுச்சு. ஒருத்தி வாயைத் திறந்து கேட்டதால வந்த பொருளை, நான் வாயை மூடிக்கிட்டு சாக்ஸுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன்!

இப்ப தேர்ட் இயர். போன மாசம் முதல் தடவையா அரைக்கை சுடிதார்ல கிளாசுக்குப் போனேன். பக்கத்து சீட்டுக்காரி என் முழங்கையைப் பார்த்து, "என்னடி இது?"ன்னா.

"எக்ஸிமா. ஒட்டாது. ஸ்கேல் இருந்தா கொடேன்."

கொடுத்தா. அவ்வளவுதாங்க விஷயம். இதுக்கா ரெண்டு வருஷம் வெந்தேன்?

சரி, உங்க சூட்கேஸ் அடியில என்ன இருக்கு? இன்னிக்கு ராத்திரி லைட்டை அணைக்கிறதுக்கு முன்னாடி, எதிர்க் கட்டில்ல இருக்கிறவங்ககிட்ட சொல்லிட்டுத் தூங்குங்க. அடுத்த வாரம் பார்ப்போம்... டாட்டா!