முதிர்ந்த வீரரைக் கொள்ளுதல் தகுமோ?

ஆட்டக்காரரை அணிகள் தம்முள் மாற்றிக்கொள்ளும் வழக்கம் இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெட் போட்டியில் உண்டு. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அத்தகைய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. சென்னை சுப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் றோயல்ஸ் அணிக்குக் கொடுத்து, அவ்வணியின் தலைவராயிருந்த சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. அப்பொழுது சாம்சனுக்கு வயது 31. ஜடேஜாவுக்கு 37 நிரம்ப மூன்று வாரங்களே எஞ்சியிருந்தன. "தலைவனைக் கொடுத்துக் கிழவனைக் கொண்டனரே!" என்று என் மாணாக்கர் நகைத்தனர். ஐம்பதைக் கடந்த எனக்கு அந்நகைப்புச் சற்றே தைத்தது என்பது வேறு செய்தி. அது நியாயமானதுதானா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதிர்தல் ஒன்று, தளர்தல் பிறிதொன்று. கதிர் முதிர்கின்றது, கொடி தளர்கின்றது. இரண்டும் காலத்தின் செயலேயாயினும் பயன் வேறு. விளையாட்டு வீரர் ஒருவரிடத்து இவ்விரண்டும் ஒருங்கே நிகழும். வேகப் பந்துவீச்சாளரின் முதுகும் முழங்காலும் முப்பதைக் கடந்த சில ஆண்டுகளில் முறையிடத் தொடங்கும். களத்தடுப்பாளரின் ஓட்டம் குறையும். சுழற்பந்து வீச்சாளருக்கோ விரலும் மணிக்கட்டும் மதியுமே தலையாய கருவிகள். அவை கால்களுக்குப் பிந்தியே தளர்வன.

இதற்குச் சான்றுகள் உள. அவுஸ்திரேலியரான ஷேன் வோர்ன் 2007 ஜனவரியில் ரெஸ்ற் ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றவர். மறுவருடம், தமது 38ஆம் வயதில், ராஜஸ்தான் அணிக்குத் தலைமை தாங்கி, இறுதியாட்டத்தில் சென்னையை வென்று முதற் கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்தார். எம் நாட்டு முத்தையா முரளிதரனும் 2010இல் சென்னை அணி கிண்ணம் வென்ற காலத்தில் 38 வயதினரே.

ஆயின், வயதானோர் யாவரும் அவ்வாறு பயன்படுவர் எனத் துணிதல் பிழை. 2024 நவம்பர் ஏலத்திலே, 38 வயதினரான ரவிச்சந்திரன் அஷ்வினைச் சென்னை அணி 9.75 கோடி இந்திய ரூபாவுக்கு வாங்கியது. 2025இல் அவர் ஆடிய ஆட்டங்கள் 9. வீழ்த்திய விக்கெட்டுகள் 7. அணி பத்தாவது இடத்தை, அஃதாவது கடைசி இடத்தை, அடைந்தது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்திலேயே அவர் அப்போட்டியிலிருந்து விலகினார். அறிவிலும் அனுபவத்திலும் அவருக்கு நிகரானவர் மிகச் சிலரே. அங்ஙனமிருந்தும் இவ்வாறு முடிந்தது. கடந்த காலப் புகழுக்கு விலை கொடுப்போர் நிகழ்காலத்தில் நட்டமடைதல் கூடும் என்பதை இதனால் அறியலாம்.

ஜடேஜாவின் நிலையை இனி நோக்குவோம். 2023இல் அவர் 20 விக்கெட்டுகளை வீழ்த்தினார்; இறுதியாட்டத்தின் கடைசி இரு பந்துகளிலும் ஆறும் நான்கும் அடித்துச் சென்னைக்குக் கிண்ணத்தையும் ஈட்டிக் கொடுத்தார். 2025இல் அவர் வீழ்த்தியவை 10 விக்கெட்டுகளே. எனினும் 301 ஓட்டங்களைக் குவித்தார். பந்துவீச்சிலே தளர்ச்சியும் துடுப்பாட்டத்திலே முதிர்ச்சியும் ஒருங்கே தெரிகின்றன. விலையும் இதனையே உணர்த்துகின்றது. சென்னையில் அவரது ஊதியம் 18 கோடி. ராஜஸ்தானுக்குச் செல்கையில் அது 14 கோடியாகக் குறைக்கப்பட்டது. 27 வயதினரான கரனுக்கு 2.4 கோடி. ஆகவே 18 கோடி பெற்ற சாம்சனைக் கொடுத்து, 16.4 கோடிக்கு இரு சகலதுறை ஆட்டக்காரரை ராஜஸ்தான் கொண்டது. அதே நாட்களில் எம் நாட்டுச் சுழற்பந்து வீச்சாளரான ஹசரங்கவையும் தீக்ஷணவையும் விடுவித்த அவ்வணிக்குச் சுழற்பந்து வல்லார் ஒருவர் தேவைப்பட்டார் என்பதும் கருதத்தக்கது.

சென்னை செய்தது யாது? 2025 டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்திலே, இந்திய அணிக்கு ஒருமுறையேனும் ஆடாத பிரசாந்த் வீர் என்னும் இருபது வயது இளைஞரை 14.2 கோடி கொடுத்து வாங்கியது. அவரும் இடக்கையாற் பந்தைச் சுழற்றும் சகலதுறை ஆட்டக்காரரே. ஏறக்குறைய ஒரே விலை. ஒன்று முதிர்ந்த பனைக்கு, மற்றது வடலிக்கு. முதிர்ந்த பனையைத் தறித்தால் வளையும் கைமரமும் சிலாகையும் இன்றே கிடைக்கும். வடலி வாங்கினோர் காத்திருத்தல் வேண்டும். ஆயினும் தறித்த பனை மீண்டும் தளிர்ப்பதில்லை. அருகே வடலி நிற்கின்றதா என்று பார்த்தன்றோ பனையைத் தறித்தல் முறை?

ராஜஸ்தானிடம் வடலி உண்டு. வைபவ் சூர்யவன்ஷி என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் 2025 ஏப்ரல் 28ஆம் நாள் ஜெய்ப்பூரிலே குஜராத் அணிக்கெதிராக 35 பந்துகளில் நூறு ஓட்டங்களைக் கடந்தமை உலகறிந்தது. 2008இல் வோர்னின் கீழ் அதே அணியில் ஆடிய பத்தொன்பது வயது இளைஞர்தாம் இன்றைய ஜடேஜா என்பதையும் நினைவிற் கொள்ளுக. அன்று மூத்தவரிடம் பெற்றதை இன்று இளையோருக்கு வழங்கும் நிலையில் அவர் நிற்கின்றார்.

எம் மண்ணிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2020இல் லங்கா பிரீமியர் லீக் போட்டியின் முதற் கிண்ணத்தை வென்ற யாழ்ப்பாண அணியில் 38 வயதினரான பாகிஸ்தானியர் ஷொயிப் மலிக் ஆடினார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த் தமது 18ஆம் வயதில் அப்போட்டியிற் காலடி வைத்ததும் அதே அணியிலேதான். 2024இல் அவர் ஹைதராபாத் அணிக்காக இந்தியன் பிரீமியர் லீக்கிலும் பந்துவீசினார். மூத்தவருக்கு இடமளித்தமையால் இளையவருக்கு அங்கே கதவு அடைபடவில்லை.

ஆகவே என் முடிபு இது. எஞ்சிய ஆற்றலுக்கே விலை பேசப்படுமாயின், வேண்டப்படும் திறன் காலத்தால் முதிரும் இயல்பினதாயின், அருகே கற்பதற்கு இளையோர் இருப்பராயின், முதிர்ந்த வீரரைக் கொள்ளுதல் தகும். இம்மூன்றனுள் முதலாவதை ராஜஸ்தான் நிறைவேற்றியது. இரண்டாவதைப் பாதியளவே பெற்றது. மூன்றாவதை நிறைவேற்றுதல் அவ்வணியின் கையிலுள்ளது. தலைவரை இழந்தது பெரிய விலையேயாயினும், மாணாக்கர் நகைத்த அளவுக்கு அது பேதைமையன்று.

எமது ஊர்க் கழகங்களை நடத்துவோருக்கும் இவ்வளவுகோல் உதவும். மூத்தவர் ஒருவரை அணியில் வைத்திருக்க விரும்பின், மறுமுனையிற் பந்துவீச ஓர் இளைஞருக்கும் இடம் வைத்தல் வேண்டும். அவ்விடம் இல்லையாயின், மூத்தவர் எத்துணை வல்லவராயினும் அவருக்கு நன்றி கூறி விடைகொடுத்தலே நன்று.